மலிவு பைபாடைத் தூக்கிப் போடும் முன்: அறிகுறி பார்த்துக் கோளாறு பிடிப்பது

விலை குறைந்த பைபாட், அதாவது ரைஃபிளின் முன்பக்கத்தைத் தாங்கும் இரட்டைக்கால் தாங்கி, வாங்கியவர்கள் ஒரு மாதத்துக்குள் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "இதை ஓரமாக வைத்துவிட்டு நல்லதாக ஒன்று வாங்கிவிடட்டுமா?" பொறுங்கள் என்றுதான் பெரும்பாலும் சொல்வேன். கோளாறு எங்கே என்று தெரியாமல் விலை கூடியதை வாங்கினால், அதே கோளாறு புதுப் பைபாடோடும் வந்து நிற்கும். எனக்கே அப்படி ஆகியிருக்கிறது. அந்தக் கதை கீழே வருகிறது.

பைபாட் ஒன்றும் பெரிய இயந்திரம் இல்லை. இரண்டு கால், ஒரு தலை, சில ஸ்பிரிங், ரைஃபிளோடு சேர்க்க ஒரு பிடி. அவ்வளவுதான். ஆட்டம் வரக்கூடிய இடங்களும் மூன்றுதான்: பாதம் தரையைத் தொடும் இடம், கால் தலையோடு சேரும் இடம், தலை ரைஃபிளோடு சேரும் இடம். நாலாவதாக ஓர் இடம் உண்டு, அது உங்கள் தோள். கீழே வருகிற அறிகுறிகளில் பெரும்பாலானவை இந்த நாலில் ஒன்றில்தான் போய் முடியும்.

ஆரம்பிக்கும் முன் ஒரு வேலை. மேகசினைக் கழற்றுங்கள், போல்ட்டைத் திறந்து, குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறைக்குள் ஒன்றும் இல்லை என்று கண்ணால் பாருங்கள், விரலையும் விட்டுத் தடவிப் பாருங்கள். தோட்டாப் பெட்டி நீங்கள் உட்கார்ந்து வேலை செய்யும் அறையிலேயே இருக்க வேண்டாம். பைபாடை மாட்டும்போதும் கழற்றும்போதும் கை குழலின் முன்பக்கம்தான் போகும். அதனால் இதில் சலுகையே கிடையாது.

குறி கன்னாபின்னாவென்று சிதறுகிறது

துளைகள் மேலே, கீழே, இடது, வலது என்று ஓர் ஒழுங்கும் இல்லாமல் விழுந்தால் பைபாடைக் கடைசியாகத்தான் சந்தேகப்பட வேண்டும். முதலில் பைபாடைக் கழற்றி வையுங்கள். குழலின் அடியில் இருக்கும் முன்கட்டைக்கு ஒரு மணல் பை, தோளில் ஊன்றும் பின்கட்டைக்கு ஒரு மணல் பை. அதே தோட்டா, அதே தூரம், ஐந்து சூடு. அப்புறம் பைபாடை மாட்டி அதே ஐந்து. இரண்டு குரூப்பும், அதாவது ஒரே குறிக்குச் சுட்ட துளைகளின் கூட்டமும், ஒரே அளவுக்குப் பரவியிருந்தால் பைபாட் நிரபராதி.

நான் சொன்ன கதை இதுதான். என் முதல் பைபாட் மலிவு ரகம். குரூப் நாளுக்கு நாள் விரிந்துகொண்டே போனது. இரண்டு மாதம் அதைத் திட்டித் தீர்த்தேன், காலுக்கு டேப் சுற்றினேன், கடைசியில் அதைவிட மூன்று மடங்கு விலையில் இன்னொன்றும் வாங்கினேன். குரூப் அப்படியேதான் இருந்தது. ஒரு நாள் துடைப்பதற்காக ஸ்டாக்கை, அதாவது கட்டைப் பகுதியை, கழற்றப் போனால், அதை ரைஃபிளின் இயந்திரப் பகுதியோடு சேர்க்கும் முன்பக்க ஆக்‌ஷன் திருகு ஆலன் கீ வைத்ததுமே விரலால் சுற்றுகிற அளவுக்கு நெகிழ்ந்திருந்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் கூடத்தையே இடித்துக் கட்டியிருக்கிறேன்.

ஆகவே வரிசை இது: ஆக்‌ஷன் திருகுகள், ஸ்கோப் வளையத் திருகுகள், ஸ்கோப் அடித்தளம், அப்புறம்தான் பைபாட். திருகுகளைத் தயாரிப்பாளர் சொன்ன முறுக்கு அளவுக்கே இறுக்குங்கள். ஆலன் கீயின் நீளப் பக்கத்தைப் பிடித்து மூச்சுப் பிடித்து முறுக்கினால் மரை போய்விடும்.

கையில் பிடித்து ஆட்டினால் லொடலொடவென்கிறது

இதுதான் மலிவு பைபாடில் உண்மையாகவே அதிகம் வரும் கோளாறு. ஆனால் சத்தம் எந்த மூட்டிலிருந்து வருகிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். ரைஃபிளை மேசைமேல் பைபாடில் நிறுத்துங்கள். ஒரு கையின் இரண்டு விரலைப் பைபாட் தலையும் முன்கட்டையும் சேரும் இடுக்கில் வைத்துக்கொண்டு, மறு கையால் பின்கட்டையை மெதுவாக இடமும் வலமும் அசையுங்கள். இடுக்கில் அசைவு விரலுக்குத் தெரிந்தால் பிடிமானம் தளர்ந்திருக்கிறது. விரலுக்கு ஒன்றும் தெரியாமல் கால்கள் மட்டும் ஆடினால் கால்மூட்டுதான்.

பிடிமானம் எந்த வகை என்பதைப் பொறுத்து வைத்தியம் மாறும்.

பழைய முறை, வார் மாட்டும் ஸ்டட். முன்கட்டையின் அடியில் குறுக்கே துளையிட்ட சின்னக் குமிழ் ஒன்று இருக்கும். பைபாடின் இரண்டு கொக்கிகள் அந்தத் துளைக்குள் போகும், கீழே உள்ள திருகை இறுக்கினால் பைபாட் மேலே இழுபட்டு அதன் ரப்பர் மெத்தை முன்கட்டையில் அழுந்தும். அமெரிக்காவின் ஹாரிஸ் பைபாட் இப்படித்தான் இருக்கும், சந்தையில் கிடைக்கும் மலிவுப் பைபாடுகளில் பல அதைப் பார்த்துச் செய்தவை. இங்கே பைபாடைவிட ஸ்டட்தான் முக்கியம். அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது. ஸ்டட்டை விரலால் பிடித்துத் திருகிப் பாருங்கள். சுற்றினால் அதுதான் குற்றவாளி. மரத்தில் நேரடியாக முடுக்கிய மரத்திருகு வகை ஸ்டட், வாரின் எடையைத் தாங்கும். பைபாடின் நெம்புகோல் இழுப்பை நெடுநாள் தாங்காது. அதைக் கழற்றிவிட்டு, முன்கட்டையின் உட்பக்கத்தில் நட் வைத்து முடுக்கும் இயந்திரத்திருகு வகையைப் போட்டால் பாதிப் பிரச்சினை தீரும். நட் குழலைத் தொடாமல் உள்ளே பதிந்திருக்க வேண்டும், அது முக்கியம். மரம் நைந்திருந்தால் துளைக்குள் எப்பாக்ஸி விட்டு ஒரு நாள் முழுக்கக் காயவிட்டுப் போடுங்கள்.

இன்னொரு நுணுக்கம்: ஸ்டட்டின் துளை சரியாகக் குறுக்கு வாட்டத்தில் நிற்க வேண்டும். கொஞ்சம் திரும்பியிருந்தாலும் கொக்கிகளில் ஒன்று மட்டுமே முழுதாக ஏறும். நீங்கள் எவ்வளவு இறுக்கினாலும் பைபாட் ஒருபக்கமாக முறுக்கிக்கொண்டே நிற்கும்.

ரெயில் பிடி, அதாவது பள்ளம் வெட்டிய உலோகப் பட்டையில் மாட்டுவது என்றால் வேறு கதை. பிக்கட்டினி ரெயிலின் பள்ளம் 5.23 மி.மீ. அகலம், பள்ளத்துக்குப் பள்ளம் 10.01 மி.மீ. தூரம். வீவர் ரெயிலின் பள்ளம் 4.57 மி.மீ.தான். பிக்கட்டினிக்கான குறுக்குக் கட்டை வீவர் பள்ளத்தில் இறங்காது. இறங்காமல் மேலேயே உட்கார்ந்துகொண்டு, இறுகியது போலப் பாவனை காட்டும். நாலு சூட்டில் கழன்றுவிடும். நெம்புகோல் வைத்த துரிதப் பிடிகளில் பக்கத்தில் ஒரு சின்ன நட் இருக்கும், அதைக் கால் சுற்று, அரைச் சுற்று இறுக்கி, நெம்புகோல் கொஞ்சம் கட்டை விரலை வலிக்கவைத்து மூடும்படி செய்தால் சரி. ஒற்றை விரலில் மூடுகிற நெம்புகோல் ஒன்றையும் பிடித்துவைக்காது.

எம்-லாக் என்பது முன்கட்டையில் வெட்டிய நீள்துளையில், அதாவது ஜன்னலில், மாட்டும் வகை. அதில் உள்ளே இருக்கும் நட்டு 90 பாகை திரும்பி ஜன்னலின் விளிம்பைப் பிடிக்க வேண்டும். சில நேரம் அது திரும்பாமலே திருகு மட்டும் இறுகிவிடும். கழற்றி, உள்ளே எட்டிப் பார்த்து, மறுபடி முடுக்குங்கள். எல்லாம் சரியான பிறகு, திரும்பவும் கழற்றக்கூடிய நடுத்தர ரக மரைப் பசை ஒரு சொட்டு. நிரந்தர ரகத்தைப் போட்டுவிட்டால் பிற்பாடு ஹீட்டர் வைத்துத்தான் கழற்ற வேண்டியிருக்கும்.

கால்மூட்டில் ஆட்டம் என்றால் என்ன செய்வது? மூட்டில் திருகு இருந்தால் இறுக்கலாம், மெல்லிய வாஷர் ஒன்று சேர்க்கலாம். ரிவெட் அடித்து மூடியிருந்தால் ஒன்றும் செய்ய முடியாது. அது கடைக்குத் திரும்பிப் போகவேண்டிய பொருள். ஒன்றைச் சொல்ல வேண்டும், கொஞ்சம் ஆட்டம் இருப்பது இயல்பு. ரைஃபிளின் எடை அழுத்தினால் அந்த ஆட்டம் ஒரு பக்கமாக அடங்கிவிடும். எடை வைத்த பிறகும் ஆடுவதுதான் கோளாறு.

முன்னால் தள்ளினால் கால் மடிந்துவிடுகிறது

சிரிக்காதீர்கள், நிறையப் பேருக்கு நடப்பது இது. பைபாட் முன்பின் மாற்றி மாட்டப்பட்டிருக்கிறது. ஹாரிஸ் பாணியில் கால்கள் குழலின் வாய்ப்பக்கம் மடிய வேண்டும். அப்போதுதான் தோளால் முன்னே தள்ளும்போது கால்கள் தடுப்பில் முட்டி நிற்கும். பின்பக்கம் மடியும்படி மாட்டினால் தள்ளும் ஒவ்வொரு முறையும் மடிந்துகொள்ளும். இரு திசையிலும் பூட்டிக்கொள்ளும் பைபாடுகளும் இருக்கின்றன, அவற்றில் பூட்டுப் பொத்தான் முழுதாக வெளியே துருத்துகிறதா என்று மட்டும் பாருங்கள். தூசி அடைத்திருந்தால் பாதியில் நிற்கும்.

ஒரு கால் மெல்ல இறங்குகிறது

முதல் சூடு நேராக இருக்கும். பத்தாவது சூட்டில் ஸ்கோப்பின் குறுக்குக் கோடு லேசாகச் சாய்ந்திருக்கும். கண்ணுக்கு உடனே தெரியாது. அதனால் ஒரு பென்சில் வேலை: உள்கால் வெளிக்காலுக்குள் நுழையும் இடத்தில், இரண்டின் மேலும் படும்படி ஒரு கோடு போடுங்கள். பத்து சூடு சுட்டுவிட்டுப் பாருங்கள். கோடு இரண்டாகப் பிரிந்திருந்தால் கால் வழுக்குகிறது.

வழுவழுப்பான காலைக் கட்டைவிரல் திருகால் இறுக்கும் ரகத்தில்தான் இது வரும். எண்ணெய் போட்டிருந்தால் துடைத்து எடுங்கள். உராய்வை நம்பி நிற்கிற காலுக்கு எண்ணெய் எதற்கு? திருகின் முனை மழுங்கியிருந்தால் மாற்றுங்கள். அதற்கும் அடங்கவில்லையா, காலை முழுக்க உள்ளே தள்ளிவிட்டு, உயரத்துக்குப் பாதங்களின் அடியில் ஒரு பலகை கொடுங்கள். முழுக்க உள்ளே போன கால் இனி இறங்க இடமில்லை.

புதிதாக வாங்குபவர்களுக்கு இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நான் பிடிவாதமாகச் சொல்வேன்: படிப்படியாக வெட்டு வைத்த கால் வாங்குங்கள். ஹாரிஸ் மாதிரிப் பெயரில் கடைசியில் வரும் எம் என்ற எழுத்து அதைத்தான் குறிக்கிறது. வெட்டில் விழுந்த கால் அதுவாக இறங்காது, இரண்டு காலையும் ஒரே உயரத்தில் வைக்க எண்ணிப் பார்த்தால் போதும்.

துளைகள் பக்கவாட்டில் வரிசையாக விழுகின்றன

உயரம் சரியாக இருக்கிறது, இடமும் வலமும் மட்டும் ஓடுகிறது என்றால் முதல் சந்தேகம் சாய்வு. ரைஃபிள் ஒரு பக்கம் சாய்ந்தால் தோட்டா சாய்ந்த பக்கமே போகும். எவ்வளவு போகும் என்பது அந்தத் தூரத்தில் தோட்டா குழல் கோட்டிலிருந்து எவ்வளவு இறங்குகிறது என்பதைப் பொறுத்தது. சாதாரண .22 ரிம்ஃபயர் (விளிம்பில் ஊசி அடித்து வெடிக்கும் ரகம்) தோட்டா 100 மீட்டரில் சுமார் அரை மீட்டர் இறங்கும். 5 பாகை சாய்த்தால் நாலு செ.மீ.க்கு மேல் பக்கவாட்டில் விலகும். 5 பாகை என்பது கண்ணுக்கு எளிதில் பிடிபடாத சாய்வு. அதே 5 பாகை, தோட்டா ஒரு மீட்டர் இறங்கும் தூரத்தில், கிட்டத்தட்ட 9 செ.மீ. ஆகிவிடும். 25 மீட்டரில் சுடுபவர் இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

தலை சாய்கிற வசதி இல்லாத பைபாட் என்றால், மேடுபள்ளத் தரையில் ஒவ்வொரு முறையும் கால் உயரத்தை மாற்றித்தான் சமன் செய்ய வேண்டும். பொறுமை இருந்தால் பரவாயில்லை. சாய்கிற தலை உள்ளதென்றால் வேறு தொல்லை: அதன் இறுக்கும் குமிழ் உருண்டையாகச் சின்னதாக இருக்கும், விரலால் போதிய அளவு இறுக்க வராது. குமிழுக்குப் பதில் சின்ன நெம்புகோல் போட்டுவிட்டால் தீர்ந்தது. ஹாரிஸுக்கென்று அப்படித் தனியாக விற்கிறார்கள், மலிவு நகல்களில் பலவற்றிலும் அது பொருந்தும், வாங்கும் முன் மரை அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்கோப் மேல் ஒட்டும் குமிழி மட்டம் ஒன்றும் இருந்தால் நல்லது. விலை குறைவு, பயன் அதிகம்.

சாய்வு இல்லை, மட்டமும் நடுவில்தான் நிற்கிறது, ஆனாலும் பக்கவாட்டில் ஓடுகிறது. அப்போது நீங்கள் ரைஃபிளுக்கு நேர் பின்னே படுக்கவில்லை என்று அர்த்தம். உடம்பு கோணலாக இருந்தால் உதைப்பு தோளில் வழுக்கி, ரைஃபிள் ஒரு பக்கம் திரும்பும்.

துளைகள் மேலும் கீழுமாக நீளுகின்றன

எனக்கு மிகப் பிடித்த கோளாறு இது, ஏனென்றால் பைபாடுக்கும் இதற்கும் சம்பந்தமே இருக்காது.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். பைபாடின் பாதத்துக்கும் பின்கட்டை ஊன்றும் இடத்துக்கும் 70 செ.மீ. தூரம் என்று வைத்துக்கொள்வோம். பின்கட்டை வெறும் 1 மி.மீ. இறங்கினால், 100 மீட்டரில் குறி 14 செ.மீ. மேலே போகும். ஒரு மில்லிமீட்டர்! மூச்சு விடும்போது தோள் அசைவது அதைவிட அதிகம். ஆக முன்னால் எவ்வளவு விலை உயர்ந்த பைபாட் இருந்தாலும், பின்னால் பின்கட்டையைக் கைமுட்டியின் மேல் நிறுத்திச் சுட்டால் குறி மேலும் கீழும்தான் அலையும்.

வைத்தியம் பின்பக்க மணல் பை. காசு கொடுத்து வாங்கக்கூட வேண்டாம். தடித்த காலுறை ஒன்றில் உலர்ந்த மணலோ அரிசியோ முக்கால் அளவுக்கு நிரப்பி முடிச்சுப் போட்டால் முடிந்தது. முழுக்க நிரப்பினால் கல் போல ஆகிவிடும், பிசைந்தால் உயரம் மாற வேண்டும். பின்கட்டையின் அடியில் வைத்து, துணைக் கையால் பையைப் பிசைகிறீர்கள். இறுக்கினால் பின்கட்டை ஏறும், குறுக்குக் கோடு இறங்கும். தளர்த்தினால் எதிர்மாறாக. இரண்டு நாள் பழகினால் கை தானாகச் செய்யும். உங்களிடம் ஒரு தொகை இருந்து, நல்ல பைபாடா அல்லது சாதாரணப் பைபாடும் பின்பையுமா என்று கேட்டால், யோசிக்காமல் இரண்டாவதைச் சொல்வேன்.

அதே கணக்கில் இன்னொன்றும் இருக்கிறது. பைபாடை 10 செ.மீ. முன்னால் நகர்த்தி மாட்ட முடிந்தால் 70 என்பது 80 ஆகும், அந்த 14 செ.மீ. பன்னிரண்டரையாகக் குறையும். ரெயில் இருந்தால் எவ்வளவு முன்னால் போகுமோ அவ்வளவு முன்னால் மாட்டுங்கள்.

பின்பை போட்டும் நீளுகிறதா? அப்படியென்றால் தள்ளுகிற அழுத்தம் சூட்டுக்குச் சூடு மாறுகிறது. தோளால் பைபாடை லேசாக முன்னே தள்ளி, கால்களில் இருக்கும் தளர்வை எடுத்துவிட்டுச் சுடுவது வழக்கம். எவ்வளவு தள்ளுகிறீர்கள் என்பது பெரிய விஷயம் இல்லை, ஒவ்வொரு முறையும் அதே அளவு தள்ளுகிறீர்களா என்பதுதான் விஷயம். தரை வழுக்கினால் ஒரே அளவு வராது. வழவழப்பான சிமென்ட்டின் மேல் ஒரு பழைய கம்பள விரிப்பைப் போடுங்கள், பாதம் கடிக்க ஏதாவது இருக்க வேண்டும்.

மணல் பையில் ஓரிடம், பைபாடில் வேறிடம்

குரூப் சின்னதாகவே இருக்கிறது. ஆனால் பைபாட் போட்டதும் முழுக் குரூப்பும் வேறு இடத்துக்கு நகர்ந்துவிட்டது. கொஞ்சம் நகர்வது இயல்பு, ரைஃபிள் தாங்கப்படும் விதம் மாறினால் உதைக்கும் விதமும் மாறும். பைபாடிலேயே சுடுவதாக இருந்தால் பைபாடில் வைத்தே ஸ்கோப்பைத் திருத்திவிடுங்கள், வேலை முடிந்தது.

ஆனால் நகர்வு ஒரு நாள் ஓரளவு, இன்னொரு நாள் வேறளவு என்றிருந்தால் முன்கட்டையைப் பாருங்கள். குழல் ஸ்டாக்கைத் தொடாமல் மிதக்கும்படி செய்த ரைஃபிள்களில், மெல்லிய பிளாஸ்டிக் முன்கட்டை பைபாடின் அழுத்தத்தில் வளைந்து குழலைத் தொட்டுவிடும். சோதனை எளிது. கெட்டியான காகிதத் துண்டு ஒன்றைக் குழலுக்கும் முன்கட்டைக்கும் நடுவே விட்டு, ஆக்‌ஷன் வரை இழுத்துப் பாருங்கள். தாராளமாக ஓடும். இப்போது ரைஃபிளைப் பைபாடில் நிறுத்தி, சுடும்போது அழுத்துகிற மாதிரி முன்னும் கீழுமாகச் சாய்ந்துகொண்டு, கூட இருப்பவரைக் காகிதத்தை இழுக்கச் சொல்லுங்கள். எங்கே மாட்டிக்கொள்கிறதோ அங்கே குழல் உரசுகிறது. உப்புத்தாளை ஒரு குச்சியில் சுற்றி அந்த இடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து எடுங்கள். முன்கட்டையின் உட்புறம் பொந்தாக இருந்தால் எப்பாக்ஸியும் ஒரு அலுமினியக் குச்சியும் வைத்து விறைப்பாக்கலாம், நான் அப்படிச் செய்த ரைஃபிள் இன்றும் ஓடுகிறது. இல்லையென்றால் லேசாகத் தள்ளிச் சுடப் பழகிக்கொள்ள வேண்டியதுதான்.

குழலையே கவ்விப் பிடிக்கும் பைபாடுகள் சந்தையில் மிக மலிவாகக் கிடைக்கின்றன. துணி உலர்த்தும் கிளிப் மாதிரி இருக்கும். மிதக்கும் குழல் உள்ள ரைஃபிளில் அதை மாட்டுவது, மிதக்க விட்டதற்கே அர்த்தமில்லாமல் செய்துவிடும். பொழுதுபோக்குக்கு டின் சுடுவதற்கு ஆகட்டும். குறி வேண்டும் என்றால் வேண்டாம்.

சுட்டதும் துள்ளி எங்கோ போய் நிற்கிறது

சுட்ட பிறகு ஸ்கோப்பில் இலக்கு அட்டை இருக்க வேண்டும். அதற்குப் பதில் வானமோ பக்கத்து அட்டையோ தெரிந்தால், பாதிக் குற்றம் தரையினுடையது. கெட்டியான கான்கிரீட்டில் கடினமான பாதம் பந்து போலத் துள்ளும். பாதத்தில் ரப்பர் உறை இருக்கிறதா பாருங்கள். மலிவு ரகங்களில் இந்த உறைதான் முதலில் கழன்று காணாமல் போகும். ஊன்றுகோலின் அடியில் போடும் ரப்பர் குப்பி அளவு பொருந்தினால் அதுவே போதும், உள்ளே ஒரு சொட்டுப் பசை. மண் தரைக்கோ கூர்முனை நல்லது. ரப்பர் புல்லில் வழுக்கும்.

மிச்சப் பாதி உடம்பு. நேர் பின்னே படுத்து, பின்கட்டையைத் தோளோடு சேர்த்து வைத்தால் துள்ளல் நேர்க்கோட்டில் வந்துபோகும். எஃப்-டிஆர் என்ற தொலைதூரச் சுடும் போட்டிகளில் .223, .308 ரைஃபிள்களைப் பைபாடில் வைத்துச் சுடுவார்கள், பைபாடும் சேர்த்து மொத்த எடை 8.25 கிலோவைத் தாண்டக்கூடாது. அங்கே பைபாடுகளின் கால்கள் ஓர் ஆள் கைவிரித்த மாதிரி அகலமாக, அடியில் பனிச்சறுக்குக் கட்டை போலப் பாதங்களோடு இருக்கும். துள்ளலை முன்னும் பின்னும் வழுக்கவிட்டு அடக்குகிற வித்தை அது. நம் கையிலிருக்கும் மடக்குப் பைபாடில் அது வராது, ஆனால் அகலம் எதற்கு என்பது அதைப் பார்த்தால் புரியும். இரண்டு பைபாட் ஒரே விலையில் கிடைத்தால் கால்கள் அகலமாக விரிவதை எடுங்கள்.

சுடாமலே ஒரு சோதனை செய்யலாம். காலி ரைஃபிளில் குறி பார்த்து விசையை அழுத்துங்கள், குறுக்குக் கோடு துள்ளினால் விசை விரலும் பிடியும் சரியில்லை. தோட்டாவின் அடியில் நடுவே ஊசி அடிக்கும் சென்டர்ஃபயருக்கு இது பொதுவாகப் பரவாயில்லை. பல ரிம்ஃபயர்களில் போலித் தோட்டா இல்லாமல் செய்தால் ஊசி அறையின் விளிம்பில் அடித்துத் தழும்பாக்கும். ஸ்பிரிங் தள்ளும் பிஸ்டனால் காற்றை அழுத்திச் சுடும் ஸ்பிரிங் ஏர் ரைஃபிளில் செய்யவே கூடாது, காற்று மெத்தை இல்லாமல் பிஸ்டன் நேராகப் போய் மோதும்.

கழுத்து வலிக்கிறது, உயரம் ஒத்துவரவில்லை

படுத்துச் சுட 6 முதல் 9 அங்குலம். வயிறு கொஞ்சம் பெரியது, மேகசின் நீளம், அல்லது தரை சரிவு என்றால் 9 முதல் 13. உட்கார்ந்து சுட 13.5 முதல் 27. மேசையில் சுட 6–9 போதும். நீளமானது எல்லாவற்றுக்கும் ஆகும் என்று நினைத்து 27 அங்குலத்தை வாங்குவதுதான் வழக்கமான தவறு. அதன் மிகக் குறைந்த உயரத்திலேயே படுத்துச் சுட முடியாது, நீட்டிய கால் ஆடவும் செய்யும்.

ஸ்பிரிங் ஏர் ரைஃபிளில் மாட்டியதும் குறியே போய்விட்டது

பைபாட் கெட்டதல்ல, இடம் தப்பு. ஸ்பிரிங் பிஸ்டன் ரைஃபிளில் விசையை அழுத்தியதும் பிஸ்டன் முன்னே பாயும், ரைஃபிள் பின்னே உதைக்கும். பிஸ்டன் முட்டி நின்றதும் ரைஃபிள் முன்னே துள்ளும். இந்தக் குலுக்கல் நடக்கும்போது பெல்லட், அதாவது ஏர் ரைஃபிளின் சின்னக் குண்டு, இன்னும் குழலுக்குள்ளேயே இருக்கிறது. எங்கே எப்படித் தாங்குகிறோம் என்பது அப்படியே குறியில் தெரியும். அதனால் அனுபவசாலிகள் முன்கட்டையைத் திறந்த உள்ளங்கையில் லேசாகக் கிடத்தி, இறுக்காமல் சுடுவார்கள். ஸ்பிரிங் ரைஃபிளுக்குப் பைபாட் வாங்க நினைப்பவர் அந்தக் காசில் ஒரு மென்மையான மணல் பையும் இரண்டு மூன்று வகை பெல்லட்டும் வாங்கி, கையை அந்தப் பையின் மேல் வைத்து, ரைஃபிளைக் கையின் மேல் வைத்துச் சுட்டுப் பார்க்கலாம். முன்பே காற்றடைத்த சிலிண்டர் வகைக்கு இந்தத் தொல்லை இல்லை, பைபாட் தாராளமாகப் போடலாம். சிலிண்டரைக் கவ்வும் பிடியாக இருந்தால் அதன் மறுமுனை குழலையும் சேர்த்து நெருக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாற்றியே ஆக வேண்டும் என்றால்

ரிவெட் தளர்ந்தது, வார்ப்பில் விரிசல், காலின் ஸ்பிரிங் கொக்கி உடைந்தது. இந்த மூன்றுக்கும் வைத்தியம் பார்க்காதீர்கள். பெரிய கேலிபர் உதைப்பில் வார்ப்பு அலுமினியத்தில் மயிரிழை மாதிரி ஆரம்பிக்கும் விரிசல், கால் முறியும் நாளில்தான் கண்ணில் படும். கால்மூட்டுக் காதுகளை விளக்கு வெளிச்சத்தில் பக்கவாட்டில் திருப்பிப் பாருங்கள், பூச்சு உரிந்த இடமும் விரிசலும் வேறு வேறு மாதிரி மின்னும்.

புதிதைக் கையில் வாங்கியதும் காலை விரித்து, இரண்டு பாதத்தையும் உள்ளங்கையில் ஊன்றி, தலையைப் பிடித்து முறுக்கிப் பாருங்கள். பிறகு இரண்டு காலையும் ஒரே வெட்டில் வைத்துத் தட்டையான மேசையில் நிறுத்தி, தலை மட்டமாக இருக்கிறதா என்று பாருங்கள். மலிவு ரகங்களில் இரண்டு காலின் நீளமும் சில நேரம் ஒன்றாக இருப்பதில்லை. பெட்டியில் அடுத்ததை எடுத்துத் தரச் சொல்லக் கூச்சப்பட வேண்டாம். நான் ஒருமுறை மூன்றாவதைத்தான் எடுத்து வந்தேன், முதல் இரண்டும் நிறுத்திய இடத்திலேயே நொண்டின.